மனநிறைவும் மாறாப் பற்றும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் சிலம்பையும் கம்பனையும் பற்றிக் கேட்டுப் பழகிய அவை இது. இன்று நமக்குத் தரப்பட்டுள்ள பொருளோ கடைத்தெருவைச் சார்ந்தது. ‘வாடிக்கையாளரின் மனநிறைவுக்கும் அவர்தம் மாறாப் பற்றுக்கும் உள்ள உறவு’ என்பது அதன் தலைப்பு. தமிழ்ச் சங்கத்தில் வாணிகப் பேச்சா என்று எவரேனும் வியக்கக்கூடும். வியப்பதற்கு ஒன்றும் இல்லை. பட்டினப்பாலை பாடிய புலவர், காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நேர்மையைப் பாராட்டாமல் மேலே செல்லவில்லை. வள்ளுவப் பெருந்தகையும் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தை வாணிகம் செய்வாரைப் பற்றிய குறளைக் கொண்டே நிறைவு செய்தார். கொடுப்பதும் கொள்வதும் வாழ்வின் ஒரு கூறு. ஆகவே தமிழின் ஒரு கூறும் ஆகும்.

மேலும், நாம் வாழும் இந்நகரமே கடைத்தெருவை ஒதுக்கிவிட்டு வரலாறு எழுத இடந்தராத நகரம். இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்க்கென எழுந்த கல்யாண் முகாம், 1947 ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின், சிந்துவில் வீடும் நிலமும் இழந்து வந்தவர்கட்குப் புகலிடம் ஆயிற்று. 1949 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 8 ஆம் நாள், அன்று கவர்னர் ஜெனரலாக விளங்கிய நம் இராஜாஜி அவர்கள் அடிக்கல் நாட்ட, உல்லாஸ் ஆற்றின் பெயரைத் தாங்கி உல்லாஸ்நகர் பிறந்தது. முகாம்களின் எண்களே இன்றும் இங்கே வட்டாரப் பெயர்களாக வழங்குகின்றன. கையில் முதலின்றி வந்த அம்மக்கள் அப்பளம் இட்டும், துணி தைத்தும், தட்டுக்கடை வைத்தும் எழுந்து நின்றனர். அவர்களுக்கு அண்டை வீட்டாராய் வந்து குடியேறிய நாமும், வாங்குவோராகவும் விற்போராகவும் இக்கடைத்தெருவிலேயே நம் நாட்களைக் கழித்து வருகிறோம்.

முதலில் சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். ‘வாடிக்கை’ என்றால் வழக்கம். வழக்கமாக வருபவர் வாடிக்கையாளர். ஆங்கிலேயரும் வழக்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்தே வாங்குவோர்க்குப் பெயர் அமைத்தனர். ஒருமுறை வந்து போகின்றவர் வெறும் ‘கிராக்கி’. மறுபடியும் மறுபடியும் வருகின்றவரே வாடிக்கையாளர். ஆகவே திரும்பி வருதல் என்னும் கருத்து அச்சொல்லின் உள்ளேயே அடங்கிக் கிடக்கிறது.

இனிப் ‘பற்று’ என்னும் சொல்லைப் பாருங்கள். அன்பினால் பிணைந்திருத்தலும் பற்று. கடைக்காரரின் கணக்கு நோட்டில் நாம் கொடுக்கவேண்டிய பாக்கியும் பற்று. ஒரே சொல் உள்ளத்து உறவையும் கடனையும் குறிக்கின்றது. ஒருவர் ஒரு கடைக்கு நாள்தோறும் வருகின்றார் என்றால், அவரைக் கொண்டுவருவது முதற்பற்றா, இரண்டாம் பற்றா என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

மனநிறைவு என்பது நடந்து முடிந்ததைப் பற்றிய தீர்ப்பு. வாங்கினோம், உண்டோம், உடுத்தோம், குறை இல்லை என்று உள்ளம் சொல்வது அது. மாறாப் பற்று என்பதோ வரப்போவதைப் பற்றிய முடிவு. எதிரே புதுக்கடை ஒன்று திறந்து, விளக்குகள் ஒளிர, விலையும் குறைத்து நம்மை அழைக்கும்போது, ‘நாம் நம் கடைக்கே போவோம்’ என்று கால்கள் திரும்புகின்றனவே, அதுதான் பற்று. முன்னது நாவினாற் சொல்லப்படும். பின்னது காலினாற் காட்டப்படும்.

மனநிறைவு மிகுந்தால் பற்றும் அதே அளவிற்கு மிகும் என்று பலரும் எண்ணுகின்றனர். அஃது அவ்வளவு நேரான கணக்கு அன்று. 1995 ஆம் ஆண்டில் தாமஸ் ஜோன்ஸ், எர்ல் சாசர் என்னும் அறிஞர் இருவர் ‘ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ’ என்னும் இதழில் இதனை ஆராய்ந்து எழுதினர். படியெடுக்கும் பொறிகளைச் செய்து விற்ற செராக்ஸ் நிறுவனம், தன் வாடிக்கையாளரை ஐந்து படிநிலைகளில் மதிப்பிடச் சொல்லியிருந்தது. நான்காம் படியில் நின்றவர் ‘நிறைவு’ என்றவர். ஐந்தாம் படியில் நின்றவர் ‘முழு நிறைவு’ என்றவர். இருவர்க்கும் இடையே சிறு வேறுபாடுதான் இருக்கும் என்று நாம் நினைப்போம். ஆனால், அடுத்த 18 மாதங்களில் அந்நிறுவனத்தின் பொருளையே மீண்டும் வாங்கக்கூடியவர்கள், நான்காம் படியினரைவிட ஐந்தாம் படியினரிடையே 6 மடங்கு மிகுதி என்று தெரியவந்தது.

ஏன் இவ்வாறு ஆயிற்று? இதனை விளங்கிக்கொள்ள அமெரிக்காவிற்குச் செல்ல வேண்டுவதில்லை. நம் வீட்டுத் திண்ணையே போதும். திருமண விருந்து உண்டு வந்தவரை, ‘சாப்பாடு எப்படி?’ என்று கேளுங்கள். ‘பரவாயில்லை’ என்பார். அதில் குறையும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. கேட்டவர்க்கு மனம் நோகக் கூடாது என்னும் நாகரிகம் மட்டுமே அதில் இருக்கிறது. கடைக்காரரின் முன் நின்று, ‘சாமான் எப்படி ஐயா?’ என்ற கேள்விக்கு நாம் சொல்லும் விடையும் பெரும்பாலும் அந்தப் ‘பரவாயில்லை’ தான். நான்காம் படி என்பது ‘பரவாயில்லை’. ஐந்தாம் படி என்பது ‘அங்கேதான் வாங்கவேண்டும், நீங்களும் வாருங்கள்’ என்று பக்கத்து வீட்டாரையும் அழைத்துச் செல்வது. ‘பரவாயில்லை’ என்ற சொல்லைக் கேட்டு நிறைவடைந்து உறங்கிவிட்ட வணிகர், ஒரு நாள் விழித்துப் பார்க்கையில் கடையில் ஈ ஓட்டுகின்றார்.

ஆயினும் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. மனநிறைவு சிறிதும் இன்றியே மக்கள் மீண்டும் மீண்டும் வருகின்ற இடங்களும் உள. நம்முள் முதியோர்க்கு நினைவிருக்கும்: ஒரு தொலைபேசி இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டுப் பல்லாண்டு பொறுத்திருந்தனர். வானூர்தியில் உள்நாட்டுப் பயணம் செய்வோர்க்கு, 1953 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அரசு நிறுவனத்தைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லாதிருந்தது. மக்கள் முணுமுணுத்தனர், ஆயினும் விலகவில்லை. விலக வழி இல்லை. 1991 இல் பொருளாதாரக் கதவுகள் திறக்கத் தொடங்கின. 1994 இல் அந்த வானூர்திச் சட்டமும் நீக்கப்பட்டது. அதன்பின் அதுகாறும் ‘பற்றுடையவர்’ என்று எண்ணப்பட்ட மக்கள் கூட்டம் கூட்டமாக வேறு வாயில்களில் நுழைந்தனர். அடைத்த கதவினால் நின்றவர்களை அன்பினால் நின்றவர்கள் என்று எண்ணுவது எத்துணைப் பெரிய ஏமாற்றம்! போட்டி இல்லாத இடத்தில் பற்றை அளந்து பார்க்கவே இயலாது என்பது இதனால் பெறப்படும்.

கதவை அடைப்பதற்கு வேறு தந்திரங்களும் உண்டு. வாங்கும்தோறும் புள்ளிகள் தருதல், முத்திரைகள் தருதல், அவற்றைச் சேர்த்தால் பரிசு தருதல் என்பன இன்று தோன்றியவை அல்ல. அமெரிக்காவில் ஸ்பெர்ரி அண்டு ஹட்சின்சன் என்னும் நிறுவனம் 1896 ஆம் ஆண்டிலேயே பச்சை முத்திரைகளை வழங்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் டெஸ்கோ என்னும் பெருங்கடை பல்லாண்டுகள் இத்தகைய முத்திரைகளைத் தந்து வந்தது. 1977 ஆம் ஆண்டில் அவற்றை அறவே நிறுத்தி, அச்செலவை விலைக்குறைப்பாக மக்களுக்கே கொடுத்தது. வாணிகம் சுருங்கவில்லை, பெருகிற்று. முத்திரையில் பற்று வைத்தவர் முத்திரைக்கே பற்றுடையவர், கடைக்கு அல்லர். நம் ஊர் மளிகைக்காரர் கையளவு கடலையையோ ஒரு கொத்துக் கறிவேப்பிலையையோ கொசுறாகப் போடுவாரே, அது வேறு. அதற்குக் கணக்கும் இல்லை, கட்டும் இல்லை. ஆகவேதான் அது நெஞ்சில் நிற்கின்றது.

விலைக்குறைவு ஒன்றையே காட்டி ஈர்த்த வாடிக்கையாளரின் நிலையும் இத்தகையதே. ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்று பொறித்த பொருளுக்கு ‘உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்’ என்று விரிவு சொல்லி நகைக்கும் வேடிக்கைப் பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கின்றோம். அயல்நாட்டுப் பெயரில் மலிவாகக் கிடைத்ததை வாங்கியவர் அன்றைக்கு நிறைவோடுதான் வீடு சென்றார். ஆனால் அந்நிறைவு பொருளின்மேல் எழுந்தது அன்று, விலையின்மேல் எழுந்தது. அதனினும் மலிவாக வேறோரிடத்தில் கிடைத்த அன்றே அது அங்கே குடிபோயிற்று. அதே நகரத்தில் பிறந்த சிந்தி அப்பளமோ, தன் சொந்தப் பெயராலேயே விலைபோகின்றது. தேடிவந்து வாங்குவோரும் உளர். இரவற் பெயர் ஒருமுறை விற்கும்; சொந்தப் பெயரே மறுமுறையும் விற்கும்.

அவ்வாறாயின் உண்மையான பற்று எதனால் விளைகின்றது? மூன்று காரணங்களை எடுத்துரைக்க விழைகின்றோம்.

முதலாவது, மாறாத தரம். 1959 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15 ஆம் நாள், பம்பாய் கிர்காமில், ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் பெற்று மாடியில் அப்பளம் இட்டனர். அதுவே இன்று நாடறிந்த லிஜ்ஜத். தொடக்கத்தில் அவர்கள் உயர்ந்ததொன்றும், மலிவாக விற்பதற்குத் தாழ்ந்ததொன்றுமாக இரு வகை இட்டனர். அவர்களுக்கு வழிகாட்டிய சகன்பாப்பா என்னும் பெரியவர், ஒரே தரத்தில் இடுங்கள், எக்காரணங்கொண்டும் தரத்தைத் தாழ்த்தாதீர்கள் என்று அறிவுறுத்தினார். அவ்வறிவுரையில் ஆழ்ந்த உண்மை உண்டு. ஒரு நாள் மிகச் சிறந்ததும் மறுநாள் மிகத் தாழ்ந்ததும் தருகின்ற கடையைவிட, என்றும் ஒரே சீராகத் தருகின்ற கடையையே குடும்பத்தலைவி நாடுவாள். அவள் வாங்குவது அப்பளத்தை மட்டும் அன்று. விருந்தினர் முன் தலைகுனிய நேராது என்னும் உறுதியையும் சேர்த்தே வாங்குகின்றாள்.

இரண்டாவது, குறை நேர்ந்தபோது நடந்துகொள்ளும் முறை. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்னும் பொருளியல் அறிஞர் 1970 ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். குறை கண்டவர்க்கு இரண்டு வழிகள் உள்ளன: ஒன்று, ஓசையின்றி விலகிப் போதல், மற்றொன்று, நின்று குரல் கொடுத்தல். பற்று உடையவரே விலகுவதற்கு முன் குரல் கொடுப்பர் என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. இதனை வணிகப் பெருமக்கள் பொன்னெழுத்தில் பொறித்து வைத்தல் தகும். ‘போன முறை கொடுத்த பருப்பு வேகவே இல்லை’ என்று கடைக்கு வந்து சண்டையிடும் அம்மையாரைக் கண்டு முகஞ்சுளிக்காதீர்கள். அவர் இன்னும் உங்களவர். வாய் திறவாமல் வேறு கடைக்குச் சென்றுவிட்டவர்தாம் உங்களை இழந்தவர். அன்று, நீங்கள் இழந்தவர். பருப்பை மாற்றிக் கொடுத்து, ‘இனி நேராது அம்மா’ என்று சொல்லும் ஒரு சொல், குறையே நேராத பத்து முறைகளைவிட உறவை இறுக்கும்.

பல கடைகளில் வாடிக்கையாளரே நம்மிடம் வரும் முதன்மையான விருந்தினர் என்னும் பொருள்பட ஒரு வாசகம் காந்தியடிகளின் பெயரால் தொங்குகின்றது. ஆராய்ந்தவர்கள் அது காந்தியடிகளின் கூற்று என்பதற்குச் சான்று காணவில்லை. 1941 ஆம் ஆண்டில் அமெரிக்க மோட்டார் நிறுவனம் ஒன்றின் அலுவலர் கூறியதாக அச்சில் வந்ததையே கண்டனர். யார் கூற்றாயினும் ஆகுக. பலகையைச் சுவரில் மாட்டுவதினும், அதன் கீழே அமர்ந்திருப்பவர் குறை கேட்கும்போது காட்டும் முகமே வாடிக்கையாளர் படிக்கும் பலகையாகும்.

மூன்றாவது, இடுக்கண் வந்தபோது துணை நிற்றல். 1982 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 18 ஆம் நாள் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஓராண்டிற்கும் மேலாக ஊதியம் இன்றி இருந்தனர். அத்தகைய நாட்களில் அடுப்பு எரிந்த வீடுகள் பலவற்றில், தெருமுனை மளிகைக்காரரின் கணக்கு நோட்டும் எரிபொருளாய் இருந்தது. 2005 ஆம் ஆண்டு ஜூலை 26 ஆம் நாள் பெருமழையில், சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. உல்லாஸ் ஆறும் கரைகடந்து நம் பகுதியையும் கல்யாணையும் பதலாப்பூரையும் சூழ்ந்தது. 2020 ஆம் ஆண்டின் ஊரடங்கோ அண்மையில் கண்டது. இத்தகைய நாட்களில் அரிசியும் பாலும் கொடுத்து, ‘பணம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லக்கூடியவர், நம்மைப் பெயர் சொல்லி அழைக்கும் கடைக்காரர் ஒருவரே. கைப்பேசியில் விரல் பதித்தால் சில மணித்துளிகளில் வாயிலுக்குப் பொருள் வந்துவிடும் வசதியை நாம் பழிக்கவில்லை. அது முதியோர்க்கும் பேறுகாலத்துப் பெண்டிர்க்கும் பெருந்துணை. ஆனால் நம் வீட்டில் நோய் என்று கேட்டு அது பொறுத்திருக்காது.

இங்கே நம்மையே நாம் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளல் வேண்டும். திங்களின் முதல் வாரத்தில் கையில் பணம் இருக்கும்போது குளிரூட்டிய பெருங்கடைக்குச் சென்று வண்டி நிறைய வாங்குகின்றோம். கடைசி வாரத்தில் பணம் தீர்ந்தபின் தெருமுனைக் கடைக்குச் சென்று, ‘எழுதிக்கொள்ளுங்கள் அண்ணாச்சி’ என்கின்றோம். ரொக்கம் ஓரிடத்திலும் கடன் ஓரிடத்திலுமாக வாழ்வது அறமாகுமா? அண்ணாச்சி கடையை மூடிவிட்டு ஊர் திரும்பும் நாளில், ‘நல்ல மனிதர், பாவம்’ என்று நாம் சொல்வோம். அந்த நல்ல மனிதரிடம் நாம் நிறைவோடு இருந்தோம், பற்றோடு இல்லை. நம் நிறைவு அவருக்கு வாடகை கட்டவில்லை.

அதே வேளையில் வணிகராகிய நம் தோழர்கட்கும் ஒன்று கூறுதல் கடமை. ‘தமிழர் கடை’ என்னும் பெயர்ப்பலகை ஒருவரை முதல்முறை உள்ளே அழைத்து வரும். இரண்டாம் முறை அழைத்து வருவது தராசு. மொழியுணர்ச்சியைக் காட்டி எடையைக் குறைப்பவர் கடையை மட்டும் அன்று, மொழியையும் இழிவு செய்கின்றார்.

மாட்டுங்காவைப் பாருங்கள். ஒரு காலத்தில் வறுத்து அரைத்த காப்பித் தூளுக்கும், கதம்பப் பூவிற்கும், பூசைப் பொருளுக்கும், கரைவேட்டிக்கும் நாம் 40 கிலோமீட்டருக்கும் மேல் மின்ரயிலில் சென்று அங்கே இறங்கினோம். வேறு வழி இல்லாமையும் அன்று ஒரு காரணம். இன்று அப்பொருள்களுள் பெரும்பாலன நம் வாயிலிலேயே கிடைக்கின்றன. கட்டாயம் நீங்கிற்று. ஆயினும் 1937 இல் தோன்றிய மணீஸ் லஞ்ச் ஹோம், 1940 இல் தோன்றிய கஃபே மெட்ராஸ், 1942 இல் தோன்றிய இராம நாயக்கின் உடுப்பி உணவகம் ஆகிய பெயர்கள் தலைமுறை தாண்டியும் மக்கள் நாவில் வாழ்கின்றன. கட்டாயம் நீங்கியபின்னும் எஞ்சி நிற்பதே உண்மைப் பற்று. அங்கே தமிழரோடு குஜராத்தியரும் மராட்டியரும் உண்ணக் காண்கின்றோம் என்றால், அவர்களைக் கொண்டுவந்தது மொழி அன்று. தரமும் சுவையுமே ஆகும்.

பற்றுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் மறத்தலாகாது. 1890 ஆம் ஆண்டளவில் தொடங்கி, மும்பை அலுவலகங்கட்கு வீட்டுச் சோற்றைச் சுமந்து சென்ற டப்பாவாலாக்களின் நேர்மையை உலகமே புகழ்ந்தது. ஆயினும் 2020 இல் அலுவலகங்கள் மூடப்பட்டபோது அவர்தம் தொழில் பெரிதும் சுருங்கிற்று. வாடிக்கையாளர் அன்பு மாறவில்லை, தேவை மாறிற்று. ஆகவே விற்போர் அன்பை மட்டும் நம்பி இராமல், மக்களின் வாழ்க்கை எத்திசையில் நகர்கின்றது என்று நோக்கி, தாமும் ஓரடி நகர்தல் வேண்டும். தொலைபேசியில் சொன்னால் வீட்டிற்குப் பொருளை அனுப்பிவைக்கும் சிறு கடைகள் நம்மிடையே தோன்றியிருப்பது வரவேற்கத் தக்கது.

சுருங்கக் கூறின், மனநிறைவு இன்றிப் பற்று நெடுநாள் நில்லாது. ஆயினும் மனநிறைவு மட்டுமே பற்று ஆகிவிடாது. நிறைவு என்பது நிலம். சீரான தரம் என்னும் நீரும், குறை கேட்கும் செவி என்னும் எருவும், இடுக்கணில் உதவும் கை என்னும் வேலியும் சேர்ந்தால்தான் அந்நிலத்தில் பற்று என்னும் பயிர் விளையும்.

இந்தக் கணக்கு நம் சங்கத்திற்கும் பொருந்தும். ஆண்டுவிழா நன்றாக இருந்தது என்று கைதட்டிச் செல்வது நிறைவு. அடுத்த வாரம் தமிழ் வகுப்பிற்குப் பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்து வருவது பற்று. விழாவில் குறை கண்டால் வீட்டில் பேசாமல் செயற்குழுவிடம் வந்து பேசுவதும் பற்று. செயற்குழுவினரும் அக்குரலை விருந்தினரின் குரலாகக் கொள்ளாமல், வீட்டாரின் குரலாகக் கொள்வார்களாக.

 நீங்கள் ‘பரவாயில்லை’ என்று சொல்லிக் கலையாமல், எங்கே குறை என்று எடுத்துக் கூறினால், அதனையே நம்பால் நீங்கள் கொண்ட பற்றுக்கு அடையாளமாக ஏற்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!